குளோர்பைரிபாஸுக்கு மாற்று கோவையில் இருக்கிறது

குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை ஒழிக்கப்பட வேண்டிய நச்சுகளின் பட்டியலில் சேர்க்க 2025 மே மாதம் ஜெனீவாவில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. அங்கே இந்தியத் தரப்பு வைத்த வாதம் பழையது: மாற்று இல்லை, உணவு உற்பத்தி பாதிக்கும். கடைசியில் விலக்குகளோடு அந்த மருந்து பட்டியலில் ஏறியது. அந்த விலக்குகளின் தயவில் அது இன்னும் பல ஆண்டுகள் நம் உரக்கடைகளில் கிடைக்கும். மாற்று இல்லை என்று சொன்னது தவறு. மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழு விஷயத்தில் அது பெருந்தவறு.

அந்த மாற்று கோவையிலேயே கண்டெடுக்கப்பட்டது. கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு நூற்புழுவுக்கு 1992இல் விஞ்ஞானிகள் 'ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா' என்று பெயரிட்டார்கள். நூற்புழு என்றதும் தக்காளி வேரில் முடிச்சுப் போடும் எதிரிதான் விவசாயிக்கு நினைவுக்கு வரும். இது வேறு இனம். செடியைத் தொடாது, பூச்சியைத் தேடிப் போகும். நீளம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வேர்ப்புழுவின் வாய், மலவாய், சுவாசத் துளை என்று கிடைத்த வழியில் உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமந்துவந்த பாக்டீரியாவை அதன் ரத்தத்தில் கக்கும். ஓரிரு நாளில் புழு செத்துவிடும்.

செத்த புழுவைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேலை நடந்ததா என்று தெரிந்துவிடும். வெள்ளையாக இருந்த உடம்பு செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். அழுகல் நாற்றம் இருக்காது. கும்மிருட்டில் வைத்துக் கண்ணைப் பழக்கினால் மங்கலாக ஒளிர்வதும் தெரியும்; உள்ளே இருக்கும் பாக்டீரியா ஒளிவிடும் வகை. பத்துப் பதினைந்து நாளில் அந்த ஓர் உடம்பிலிருந்து லட்சக்கணக்கில் புதிய நூற்புழுக்கள் வெளியே வந்து மண்ணில் அடுத்த இரையைத் தேடும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது, அதை ஒவ்வொரு தோட்டக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 நூற்புழு என்பது உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படும் அளவு. ஹெக்டேருக்கு 250 கோடி. கேட்டதும் மலைப்பாக இருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் சென்ட்டுக்கு ஒரு கோடி. தேன்கூட்டைக் கெடுக்கும் மெழுகுப்புழு ஒன்றில் வளர்த்தால் இரண்டு லட்சம் வரை எடுக்கலாம் என்பதால், ஒரு சென்ட் தோட்டத்துக்கு ஐம்பது மெழுகுப்புழு போதும். இதைச் செய்யத் தேவையானது சில தட்டுகளும் வடிதாளும் தண்ணீரும்தான். பெரிய ஆலை வேண்டியதில்லை.

மாற்று இல்லை என்ற வாதத்தை இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது. 2011இல் அதே ஜெனீவாவில், அதே உடன்படிக்கையில் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லிக்கும் இந்தியா விலக்குக் கேட்டு வாங்கியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடை விதித்தது. முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் அந்த மருந்தைத் தெளித்த காசர்கோட்டில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்தில் கொடுக்கும்படி 2017இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022இல் அதே நீதிமன்றம் கேரள அரசைக் கண்டித்தபோது, 3,704 பேரில் பணம் கிடைத்திருந்தது எட்டே பேருக்கு. எட்டே பேருக்கு! விலக்கின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம்தான் பாக்கு மர வேரைத் தின்னும் புழுவுக்கு நூற்புழுவைப் பரிந்துரைக்கிறது. விஷம் தெளித்த ஊரிலேயே மாற்றும் உருவாகியிருக்கிறது. டெல்லியில்தான் அது இல்லாததாகிவிடுகிறது.

குளோர்பைரிபாஸ் பற்றிய எச்சரிக்கையும் புதிதல்ல. பாதுகாப்பான அளவு என்று எதையும் வரையறுக்க முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் சொன்னது. குழந்தைகளின் மூளை வளர்ச்சி குறித்த கவலையும் அதில் இருந்தது. 2020 தொடக்கத்திலேயே ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் இந்திய அரசு தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவில் இதுவும் இருந்தது. 2023இல் இறுதி ஆணை வந்தபோது சில பயிர்களுக்கான அனுமதி மட்டும் போனது, மருந்து தப்பித்துக்கொண்டது.

நூற்புழு வெயில் தாங்காது, இருப்பு வைக்க முடியாது என்பவர்கள் தமிழ்நாட்டுக் கரும்புக் கழனிக்கு வந்து பார்க்கட்டும். டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டையை நீண்ட நாள் இருப்பு வைக்க முடியுமா? சீக்கிரமே பயிரில் கட்டியாக வேண்டும். ஆனாலும் சர்க்கரை ஆலைகள் அதை வளர்த்து விவசாயி கையில் சேர்க்கின்றன. வெயில் சாய்ந்த பின், மண்ணை நனைத்துவிட்டு, பூவாளியில் ஊற்றி, மறுபடி கொஞ்சம் தண்ணீர் விட்டால் நூற்புழு பிழைத்துக்கொள்ளும். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் அதைத் தூளாகவே தயாரித்து, தொழில்நுட்பத்தைத் தனியாருக்கும் கொடுத்திருக்கிறது. மெதுவாக வேலை செய்கிறது என்ற புகாரும் நிற்காது. இரண்டு நாள் மெதுவா? இலையில் இருக்கும் மாவுப்பூச்சிக்கு இதைத் தெளிப்பது வீண்தான். மண்ணுக்குள் இருக்கும் புழுவுக்கு இதற்கு நிகர் கிடையாது.

தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளையில் அசோஸ்பைரில்லம் கொடுத்தார்கள், டிரைக்கோடெர்மா கொடுத்தார்கள், வேப்பெண்ணெயும் கொடுத்தார்கள். தொழு உரம் போட்ட பையில் உருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவுக்கு அதில் ஒன்றுமில்லை. அந்தப் புழுவைப் பார்த்துப் பதறும் குடும்பம் கடைக்குப் போனால், கிடைப்பது பெரும்பாலும் குளோர்பைரிபாஸ் புட்டிதான். அதை ஊற்றிய பையில் முளைக்கும் கீரையை வீட்டுக் குழந்தைதான் சாப்பிடுகிறது.

தமிழ்நாடு அரசு 2023இல் உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாட்களுக்குத் தடையும் செய்தது. 60 நாள் தடையால் யாருக்கும் பயனில்லை. வீட்டுத் தோட்டத்துக்குக் குளோர்பைரிபாஸை விற்பதை நிரந்தரமாக நிறுத்த வேண்டும். மாவட்டந்தோறும் ஓர் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் மெழுகுப்புழு வளர்ப்பைத் தொடங்கி, வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் நூற்புழுப் பொட்டலத்தை விற்க வேண்டும். இதைச் செய்தால் இரண்டு பருவமழைக்குள் தமிழ்நாட்டின் எந்த மாடியிலும் எந்தக் கொல்லையிலும் வேர்ப்புழுவுக்கு ரசாயனம் தேவைப்படாது. வடகிழக்குப் பருவமழையில் மண் நனைந்ததும் ஊற்றத் தோதாக, முதல் பொட்டலங்கள் அக்டோபருக்குள் கடைக்கு வந்துவிட வேண்டும்.