கார் வாங்கப் போறியா மச்சான்? கொஞ்சம் பொறு

எங்களில் ஒருவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வீடு வெள்ளவத்தையில், ஒஃபிஸ் கொட்டாஞ்சேனையில். நிரந்தரக் கடிதம் கைக்கு வந்த அன்றே வட்ஸ்அப் குறூப்பில் கேட்டான்: "மச்சான், என்ன கார் எடுக்கலாம்? ஓடச் சந்தோஷமா இருக்கணும், நடுவழியில நிக்கக் கூடாது, பெற்றோலும் குடிக்கக் கூடாது."

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு அந்தக் குறூப்பில் வேறு கதையே இல்லை. ஒருத்தன் வெகன்ஆர் என்றான். இன்னொருத்தி அக்வா என்றாள். கொட்டாஞ்சேனைக்காரன் ஒருவன் "வெள்ளவத்த ஆள்களுக்கு எப்பவும் ஷோ தான்" என்று எழுதிவிட்டு ஓடிப்போனான். கடைசியில் அவனுடைய மாமா ஒரேயொரு வசனத்தில் விவாதத்தை முடிக்கப் பார்த்தார்: "தம்பி, விக்கேக்க என்ன விலைக்குப் போகும் எண்டு பாத்து வாங்கு."

இந்த வசனத்தோடுதான் எங்களுக்குப் பிரச்சினை. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

மாமாவைக் குறை சொல்லவும் முடியாது. இந்த நாட்டில் கார் என்பது நகை மாதிரி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி முதலாந் திகதிதான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். புதுசு வராததால் பழசின் விலை ஏறியது. ஐந்து வருடம் ஓடித் தேய்ந்த காரை, வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்ற ஆட்களை எங்கள் தெருவிலேயே காட்டலாம். உலகத்தில் மற்ற இடங்களில் கார் ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிஷமே விலை விழத் தொடங்கும். இங்கே அது ஏறியது. அதைக் கண்ணால் கண்ட தலைமுறை "விலை விழாத வாகனம் எடு" என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

கதவு திறந்த பிறகும் கதை பெரிதாக மாறவில்லை. 2025இல் திறந்தபோது போட்டவை: சுங்க வரி, அதற்கு மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சின் அளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, பிறகு எல்லாவற்றின் தலையிலும் 18% வற். எஞ்சின் பெருக்கப் பெருக்க வரியும் பெருக்கும். எங்களுடைய றோட்டெல்லாம் 660 சீசீ ஜப்பான் பெட்டிக் கார்களும் 800 சீசீ இந்தியக் கார்களும் ஓடுவது நாங்கள் எல்லோரும் அவற்றின் மேல் காதல் கொண்டதால் இல்லை. 2015 தொடக்கத்தில் சிறிய எஞ்சின்களுக்கு வரி குறைந்தபோது அவை கூட்டமாக வந்து இறங்கின. எங்களுக்கு எந்தக் கார் பிடிக்கும் என்பதை முதலில் முடிவெடுப்பது திறைசேரி. அது வைத்த மிச்சத்துக்குள்தான் எங்களுடைய "சொய்ஸ்".

சரி, அந்த மிச்சத்துக்குள் எப்படித் தெரிவது? முதலில் றோட்டைப் பார்ப்போம்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். காலை ஏழரைக்கு வெளிக்கிட்டால் ஒரு மணித்தியாலம் போனாலும் ஆச்சரியமில்லை. காலி வீதியில் ஸ்கூல் வேன், பஸ், ஓட்டோ எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். மரைன் டிரைவால் தப்பலாம் என்று போனால், அதே யோசனையோடு ஏற்கனவே ஐந்நூறு பேர் அங்கே. கோட்டையைத் தாண்டி மேலே ஏறினால் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள். ஜம்பட்டா வீதிப் பக்கம் திரும்பினால், எதிரே ஒரு லொறி சாமான் இறக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். இந்தப் பாதையில் 1500 சீசீயும் ஒன்றுதான், 800 சீசீயும் ஒன்றுதான். இரண்டும் ஒரே பஸ்ஸுக்குப் பின்னால் ஒரே வேகத்தில் நிற்கும்.

ஆகவே முதல் விதி: சின்னக் கார். வெள்ளவத்தை ஃபிளாட்ஸில் பார்க்கிங் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு தூணுக்கு நடுவில் நுழைத்து, கதவைப் பாதி திறந்து, வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும்.

இரண்டாவது விதியை யாரும் சொல்வதில்லை: கடல். கடற்கரைப் பக்கம் நிறுத்தி வைக்கும் கார் உப்புக் காற்றை இரவு முழுக்கக் குடிக்கும். பழைய கார் பார்க்கப் போகும்போது பெயின்ற் மினுக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கதவின் கீழ் விளிம்பு, சில்லுக்கு மேலுள்ள வளைவு, டிக்கியில் ஸ்பெயார் டயரைத் தூக்கினால் தெரியும் தகடு, இவற்றை விரலால் தடவிப் பாருங்கள். எஞ்சினை மாற்றலாம், கியர் பொக்ஸை மாற்றலாம். துருப்பிடித்த உடம்பை மாற்ற முடியாது.

இனிச் சிக்கனம். எங்கள் குறூப்பில் ஆகக் கூடுதலாகச் சண்டை நடந்த இடம் இதுதான். "ஹைபிரிட் எடு, பெற்றோல் மிச்சம்" என்றார்கள். நாங்கள் கல்குலேட்டரை எடுத்தோம். போய்வர 24 கிலோமீற்றர், மாதத்தில் 22 நாள்: 528 கிலோமீற்றர். சாதாரண பெற்றோல் கார் இந்த நெரிசலில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் என்றும், ஹைபிரிட் 18 ஓடும் என்றும், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றும் ஒரு பேச்சுக்கு வைப்போம். முதலாவதுக்கு மாதம் ஏறக்குறைய 15,800 ரூபா, இரண்டாவதுக்கு 8,800. மிச்சம் 7,000 ரூபா. இப்போது அந்த ஹைபிரிட்டுக்காக 20 இலட்சம் கூடுதலாகக் கொடுத்தால், அந்தக் காசைப் பெற்றோலில் திருப்பி எடுக்க ஏறத்தாழ 24 வருடம் ஆகும். அதற்குள் எங்கள் நண்பனுக்குத் தலை நரைத்துவிடும்.

அதோடு முடியவில்லை. அந்தக் காசு யாரிடமும் கையில் இல்லை, லீசிங்தான். 30 இலட்சத்தை 14% வட்டிக்கு ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 69,800 ரூபா கட்டவேண்டும். கடைசியில் கட்டி முடிப்பது 41 இலட்சத்து 88 ஆயிரம் அளவில். வட்டியை மட்டும் மாதக் கணக்கில் பிரித்தால் 20,000 ரூபாவுக்குக் கிட்ட வரும். பெற்றோலில் 7,000 மிச்சம் பிடிக்க, வட்டியில் 20,000 கொடுப்பதற்குப் பெயர் சிக்கனமா?

நாள் முழுக்க ஓடுகிற ஆளுக்கு, பிக்மீ ஓடுகிற அண்ணாவுக்கு, இந்தக் கணக்கு தலைகீழாகும். அவர் ஹைபிரிட் எடுப்பது நியாயம். மாதம் 500 கிலோமீற்றர் ஓடுகிறவன் அவரைப் பார்த்து வாங்கக் கூடாது.

ஹைபிரிட்டையே எடுப்பதென்றால் ஒன்றிரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அக்வாவின் பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிராக்கும் காற்று, சீற்றுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சின்னத் துளை வழியாகப் போகிறது. அந்தத் துளையை ஸ்கூல் பேக்கால் அடைத்துவிட்டு, தூசியும் துப்பரவாக்காமல் விட்டால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். பிறகு "ஹைபிரிட் என்றாலே பிரச்சினை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஹொண்டா ஃபிட்டின் 2013 ஹைபிரிட் மொடலை ஜப்பானிலேயே ஓராண்டு சொச்சத்துக்குள் ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தார்கள். அந்த வயதுக் காரைப் பார்க்கப் போனால், திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த எந்தக் காருக்கும் ஏலத் தாளைக் கேளுங்கள். மீற்றரில் தெரியும் கிலோமீற்றரும் தாளில் உள்ளதும் பொருந்தாவிட்டால், சலாம் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

நம்பகம் என்றால் என்ன? இதற்கு ஜப்பானுக்குப் போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்துக்குப் போனால் போதும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, அங்கே ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது என்று எங்கள் அப்பாமார் சொல்வார்கள். அந்தக் கார்கள் அடிக்கடி நின்றன. ஆனால் எந்த ஒழுங்கைக்குள் நின்றாலும் அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் அந்த ஒழுங்கையிலேயே இருந்தார். பேஷண்டையும் பொம்பிளை மாப்பிளையையும் அவைதான் ஏற்றி இறக்கின.

எங்களுக்கும் ஒரு தடை வந்து போனதே. 2022 தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470. காசு இருந்தாலும் சாமான் இல்லை. வரிசையில் காருக்குள்ளேயே படுத்தோம். ஜூலையில் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நாட்களில் எந்தக் காரின் ரீசேல் வேல்யூவும் யாரையும் ஒஃபிஸுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனது சைக்கிள், றெயின், பின்னே பக்கத்து வீட்டுக்காரரின் சின்னக் காரில் கிடைத்த ஒரு ஓரம்.

எனவே எங்கள் மூன்றாவது விதி: உங்கள் சந்தியில் உள்ள கராஜ் பாஸுக்குத் திருத்தத் தெரிந்த காரை எடுங்கள். பார்ட்ஸ் பஞ்சிகாவத்தையில் கிடைக்க வேண்டும். கொம்பியூட்டர் கொண்டுவந்து மாட்டினால்தான் வாய் திறக்கும் கார், கையில் காசு குறைந்த முதல் மாதத்திலேயே உங்களைக் கைவிடும்.

"அப்ப அல்ட்டோதானே?" என்று கேட்பீர்கள். மலிவு, சிக்கனம், எந்தக் கராஜிலும் திருத்தலாம், எல்லாம் உண்மை. ஆனால் 2014இல் குளோபல் என்கெப் மோதல் பரிசோதனையில், எயார்பேக் இல்லாத அல்ட்டோ 800க்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் கிடைத்தது பூச்சிய நட்சத்திரம். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அது தெரியாது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஏ9 வழியாக இரவில் அதே காரில் நாலு பேர் போவார்களே, அப்போதுதான் தெரியும். இரண்டு எயார்பேக், ஏபிஎஸ் பிரேக், இவை இரண்டும் இல்லாத கார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இதில் மட்டும் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

கடைசியாக, சந்தோஷம். இதைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். "காரில என்ன சந்தோஷம், போய்ச் சேர்ந்தாச் சரி." ஆனால் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் ஒரு பெட்டிக்குள் இருக்கப் போகிறவனுக்கு அது முக்கியம். விலை கூடிய காரில் லீசிங்கோடு போகிறவனைக் கவனித்திருக்கிறீர்களா? ஓட்டோ கிட்ட வந்தால் அவனுக்கு நெஞ்சு இடிக்கும். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் உரசினால் இறங்கி நின்று சண்டை. கீறல் விழுந்தால் விலை விழும் என்ற பயம். ரீசேலுக்காக வாங்கிய காரை அடுத்த சொந்தக்காரனுக்காகத்தான் ஓட்டுகிறோம். எங்களைப் பொறுத்தவரை ஓடச் சந்தோஷமான கார் என்றால், இலேசானது, திருப்பினால் உடனே திரும்புவது, ஒரு கீறலுக்காக நித்திரையைக் கெடுக்காதது.

இவ்வளவையும் போட்டுக் குலுக்கியபோது எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு: ஆயிரம் சீசீ விட்ஸ், அல்லது ஜப்பான் தயாரிப்புப் பழைய சுசுக்கி ஸ்விஃப்ற், இங்கே "பீட்டில்" என்று செல்லமாகச் சொல்வார்களே, அது. சும்மா போய்வர விட்ஸ். ஓட்டப் பிடிக்கும் என்றால் ஸ்விஃப்ற், அதிலும் மனுவல் கியர். நெரிசலில் கிளட்ச் மிதித்து இடது கால் நோகும், பொய் சொல்லவில்லை. ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு மரைன் டிரைவில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போடும்போது அந்த நோ மறந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. இந்தக் கேள்வியே எங்கள் தலையில் விழுந்திருக்கக் கூடாது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு வரவிருந்த இலகு றெயில் திட்டத்தை 2020இல் இரத்துச் செய்தார்கள். 155 பஸ்ஸில் மட்டக்குளிப் பக்கம் போகும் பெண் பிள்ளைகளைக் கேளுங்கள், ஏன் கடன்பட்டாவது ஒரு கார் வேண்டும் என்கிறார்கள் என்று. நெரிசலைவிட வேறு காரணங்களைத்தான் முதலில் சொல்வார்கள். நல்ல பஸ் இல்லாத ஊரில் கார் வாங்குகிறவனை ஆடம்பரக்காரன் என்று நாங்கள் திட்ட மாட்டோம். ஆனால் கடலோரமாக ஒரு றெயில் பாதை இருக்கிறது. வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்கினால் காலி வீதி நெரிசல் முழுவதும் மிச்சம். கிழமையில் இரண்டு நாளாவது அதில் போங்கள். காருக்கும் ஓய்வு.

எங்கள் நண்பன் என்ன செய்தான்? லீசிங் எடுக்கவில்லை. சேர்த்த காசோடு அம்மாவின் சீட்டுக் காசையும் போட்டு ஒரு பழைய மனுவல் ஸ்விஃப்ற் எடுத்தான். மாமா சுற்றிப் பார்த்துவிட்டு, "இது விக்கேக்க ஒண்டும் வராது தம்பி" என்றார். மூன்றாம் நாளே கொட்டாஞ்சேனையில் ஒரு ஓட்டோ பின் பம்பரில் கோடு இழுத்தது. இறங்கிப் பார்த்தானாம். ஓட்டோக்கார ஐயா பயந்துபோய் நின்றாராம். "பரவால்ல ஐயா, போங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.