தாழ்ச்சி யாருடைய கடமை?

கத்தோலிக்க மறைக்கல்வி தலையான பாவங்கள் என்று எண்ணும் ஏழனுள் முதலாவது அகங்காரம்; அதற்கு மாற்றாக அது முன்வைக்கும் நற்பண்பு தாழ்ச்சி. குரலைத் தணித்துப் பேசுதல், முழந்தாளிடுதல், புகழுரையை மறுத்தல் முதலிய புறச்செயல்களோடு இணைத்தே இப்பண்பு பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும் விட்டுக்கொடுப்பதற்கு ஓர் இடம் உடையவரே விட்டுக்கொடுக்க இயலும் என்பதால், பதவியும் கல்வியும் பிறப்பால் வந்த மதிப்பும் உடையோர்மீதே இக்கடமை முதற்கண் விழுகிறது. ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்டவரிடம் தாழ்ச்சியை எதிர்பார்ப்பது அறத்தின் பெயரால் அடக்குமுறையை நீட்டிப்பதாகவே முடியும்.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சி, இவ்வுண்மையை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். இத்தாலியில் 1680இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்த வீரமாமுனிவர், இவ்வூரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊரைத் திருக்காவலூர் என்று பாடினார். 3,615 பாடல்களைக் கொண்ட அவருடைய தேம்பாவணி 1726ஆம் ஆண்டினது என்பர். பெருங்காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். அவ்விலக்கணத்தை ஏற்றுக்கொண்ட முனிவர் தேர்ந்த தலைவனோ, நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத தச்சராகிய சூசையப்பர். வளன் என்று அவர் பெயரிட்ட இத்தலைவன், தாவீதின் அரச மரபில் வந்தும் கைத்தொழிலால் வாழ்பவன். உயர்ந்த குடியிற் பிறந்தவன் உழைப்பை இழிவாகக் கருதாமையே அவன் பெருமைக்கு அடிப்படையாகிறது.

குருவானவர் எப்போதாவது வந்துபோன அக்காலச் சிற்றூர்களில் மந்திரங்களைக் கற்பித்தும் சாகும் தறுவாயில் இருப்போரை ஆயத்தப்படுத்தியும் வந்த மறைப்பணியாளர் வேதியர் எனப்பட்டனர். அவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையை விளக்கி முனிவர் எழுதிய உரைநடை நூல் வேதியர் ஒழுக்கம். சிறிய அதிகாரமும் ஆணவத்துக்கு இடம் தரும் என்பதால், கற்பிப்பவரே முதலில் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டிய தேவை அங்கு எழுகிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரோடு அலையும் குருவை நகைப்புக்கு உள்ளாக்கும் பரமார்த்த குரு கதையைப் பிற சமயத்துக் குருமாரைப் பற்றிய ஏளனமாக மட்டும் படிப்பாரும் உண்டு. ஆனால் தாமும் குருவாக மதிக்கப்பட்ட ஒருவர் எழுதிய அந்நகை, கேள்வி கேட்காத சீடரால் சூழப்பட்ட எந்தக் குருவையும் சுடக்கூடியது. முனிவரும் அச்சோதனைக்கு விலக்கானவர் அல்லர்: முத்துசாமிப் பிள்ளை 19ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாறு, பல்லக்கும் பரிவாரமுமாக அவர் சென்றதை வருணிக்கிறது. உள்ளூர் மதிப்பைப் பெறும் பொருட்டு மேற்கொண்ட கோலம் அது என்று கொண்டாலும், பல்லக்கைச் சுமந்தவரின் தோளிலிருந்து பார்த்தால் அவ்விளக்கம் போதாது.

இக்குறை தனியொருவருடையதன்று. உயர்குலத்தாரிடையே பணியாற்றியவர், ஏனையோரிடையேயும் பழகக்கூடிய பண்டாரசுவாமிகள் என்று குருமாரையே வகைப்படுத்திய, முனிவர் சார்ந்திருந்த மதுரை மறைப்பணித்தளம், சாதி வரிசையைக் கலைக்காமல் அதற்குள்ளேயே இயங்கியது. அதன் விளைவு இன்னும் தீரவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் கத்தோலிக்கரிடையே சாதி மோதல் வெடித்து, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தலித் மக்களின் சவ ஊர்வலம் முதன்மைத் தெரு வழியாகச் செல்லலாமா என்பது அங்கு நிலவிய பிணக்குகளுள் ஒன்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. எனினும் கொள்கை ஊருக்குள் நுழைவது ஒவ்வொரு பங்கின் அன்றாட ஏற்பாடுகள் வழியாகவே.

கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பெரம்பலூர், அரியலூர்ப் பங்குகளில் தாழ்ச்சியைப் பழகுவதற்கான இடங்களும் அவ்வேற்பாடுகளே. அண்டை வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவாகிய அன்பியம் எந்தெந்த வீடுகளில் கூடுகிறது, அங்கு தரப்படும் காப்பியை எல்லாரும் அருந்துகின்றனரா, தேர்ப்பவனி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, பங்குப் பேரவையில் கூலி வேலை செய்யும் பெண்ணின் கருத்து கேட்கப்படுகிறதா என்னும் வினாக்களுக்கான விடைகள், தவக்கால மறையுரைகளைக் காட்டிலும் ஒரு பங்கின் தாழ்ச்சியைத் தெளிவாக அளந்து காட்டும். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு ஆண்களை மட்டுமே தெரிந்தெடுக்கும் விதி 2016இல் தளர்த்தப்பட்டுப் பெண்களுக்கும் இடம் திறந்தது. குனிபவர் குருவாகவும் அமர்ந்திருப்பவர் எளியவராகவும் இருப்பதனால்தான் அச்சடங்கு பொருள் பெறுகிறது. அவ்விருவர் இடமும் மாறினால் அது நாள்தோறும் ஊரில் நடக்கும் வழக்கமான பணிவிடையாகிவிடும். ஆகவே தாழ்ச்சியைப் பயில விரும்பும் கிறிஸ்தவர், தாம் எவ்வளவு பணிவாக உணர்கிறார் என்பதைக் கேட்டுக்கொள்வதைவிட, தமக்கு வழக்கத்தால் கிடைத்துவரும் முன்னிடங்களுள் எதை இவ்வாரம் பிறருக்கு விட்டார் என்று கேட்டுக்கொள்வதே தக்கது.