போனது எத்தனை, வந்தது எத்தனை?

‘கோடிங் எழுதிட்டோம் சார், இனிமே தானா ஓடும்!’ - கம்ப்யூட்டர்காரர்களின் வேதவாக்கு இது. ஓடும், சரி. போய்ச் சேர்ந்ததா?

சேல்ஸ்ஃபோர்ஸில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியலை ராத்திரியோடு ராத்திரியாக அமேஸான் கிளவுடுக்கு அனுப்ப இன்று ஒரு பக்க கோடிங் போதும். எந்தத் தகவல் எங்கே, எத்தனை மணிக்கு எல்லாம் எழுதுவார்கள். போனதும் வந்ததும் ஒன்றா என்று சரிபார்க்கும் வரியைத்தான் பல பேர் எழுதுவதில்லை.

2020-ல் இங்கிலாந்தில் லேப்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பொது சுகாதாரத் துறை பழைய ரக எக்ஸெல் ஃபைலில் தானியங்கியாக ஏற்றியது. அந்த ஃபைலில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கிலேயே வரவில்லை. நோயாளிக்கு ரிசல்ட் போனது. அவரோடு பழகியவர்களைத் தேட வேண்டியவர்களுக்குப் பட்டியல் போகவில்லை.

மெஷின்மேல் பழி போடாதீர்கள். பற்று வரவு டேலியாகாமல் எந்த மளிகைக்கடை கணக்குப்பிள்ளையும் பேரேட்டை மூடமாட்டார். இன்ஜினீயருக்கு மட்டும் அது கௌரவக் குறைச்சலா?

‘தானா ஓடும்’ என்று சொல்பவரிடம் கேளுங்கள்: ‘நேத்து எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சு?’ பதில் இல்லையா? செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்!