புள் நோக்குவார்க்கு உறைவிடம்

பறவைகளைக் கண்டு மகிழ்வார் ஒருவர் நீலகிரியில் நிலையாகக் குடியிருக்க விரும்பின் எவ்விடத்தைத் தேர்தல் வேண்டும்? இவ்வினா எமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. எந்தையார் குன்னூரையடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் எழுத்தராக இருக்கின்றார். வரும் ஆண்டில் ஓய்வு பெற்றவுடன் தோட்டத்தார் அளித்த வீட்டை விட்டு நீங்குதல் வேண்டும். எங்குச் செல்வது என்னும் பேச்சே சென்ற கோடை விடுமுறை முழுதும் எம் இல்லத்தில் நிகழ்ந்தது. யாம் பறவைகளின் சார்பில் வழக்குரைத்தோம். எந்தையார் பேருந்து, மருத்துவமனை, குடிநீர் என்னும் மூன்றன் சார்பில் வழக்குரைத்தார். ‘பறவைக்குச் சிறகுண்டு, தம்பி; எனக்கு மூட்டுவலிதான் உண்டு’ என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. நிலத்திற்குரிய கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியனார் தெய்வம், உணவு முதலியவற்றோடு புள்ளையும் சேர்த்தெண்ணினார். இன்ன நிலத்துக்கு இன்ன புள் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. ஆயின் நீலகிரியை ஒரே நிலமாகக் கொள்ளுதல் இயலாது. மேட்டுப்பாளையத்தினின்று புறப்படும் மலை இரயில் 46 கிலோமீட்டர் சென்று உதகையை எய்துவதற்குள், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 அடியிலிருந்து 7,000 அடிக்கு மேல் ஏறிவிடுகின்றது. ஏற ஏற மரம் மாறுகின்றது; மரம் மாறப் புள்ளும் மாறுகின்றது. ஆதலின் இம்மலையில் வீடு தேர்தலாவது உயரம் தேர்தலேயாம்.

பலர் நெஞ்சிலும் முதலில் தோன்றுவது உதகை. காசுமீரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் அங்கு வந்து தங்குகின்றது என்பது உண்மையே. எனினும் உயர்மலைப் புல்வெளிக்கே உரிய நீலகிரி நெட்டைக்காலியை நகரில் தேடுவது வீண். அதன் புல்வெளிகளில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்து நட்ட யூகலிப்டஸும் வாட்டிலும் கொண்டுபோயின. எஞ்சியதைக் காண அவலாஞ்சிக்கும் முக்குருத்திக்கும் வனத்துறையின் இசைவு பெற்றுச் செல்லல் வேண்டும். புள்ளைக் காண நெடுந்தொலை செல்வதாயின் உதகையிலிருந்து சென்றால் என்? சென்னையிலிருந்து சென்றால் என்?

எம் உள்ளத்தை உண்மையில் ஈர்த்தது மலையின் வடபுறத்தடியிலுள்ள சீகூர்ச் சமவெளியே. வழக்கறிஞரும் இயற்கை ஆய்வாளருமான ஈ. ஆர். சி. டேவிதார் அங்கு ஒரு வீடமைத்து, காட்டு விலங்குகளை அண்டை வீட்டாராகக் கொண்டு வாழ்ந்தார். அவ்வாழ்க்கையை விரித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சீத்தல் வாக்’ என்னும் நூல் 1997-இல் வெளிவந்தது. அதைப் படித்த நாளிலேயே அங்கு ஒரு குடில் கட்டுவதென்று யாம் முடிவு செய்துவிட்டோம். பணம் யாருடையது என்பதை அன்று எண்ணவில்லை! மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மத்தி மரங்களில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்கு அளித்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்தால் இந்தியாவெங்கும் அவ்வினம் மாண்டொழிந்தது. 2006-இல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அழிவுக்குத் தப்பிய சிலவற்றுக்குத் தென்னாட்டில் அப்பள்ளத்தாக்கே புகலிடம். பறவை நோக்குவார்க்கு இதனினும் சிறந்த இடம் வேறு யாது?

ஆயினும் இன்று அவ்வெண்ணத்தை யாம் கைவிட்டோம். டேவிதாரைப் போல் விரும்பியவர் பலர். அவர்க்குப்பின் விடுதி நடத்துவாரும் வந்தனர். யானை செல்லும் வழிகளில் மதிலும் மின்வேலியும் எழுந்தன. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யானை வழித்தடத்தை அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் அதனை ஏற்றது. உச்சநீதிமன்றமும் 2020-இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அங்குச் சென்றவருள் காட்டை வெறுத்துச் சென்றார் ஒருவரும் இலர். காட்டின்மேற் கொண்ட காதலே அவரை ஈர்த்தது. காதலித்தவர் கூடியே காதலிக்கப்பட்டதன் வழியை அடைத்தனர். எமது குடிலும் அவ்வரிசையில் ஒன்றாகியிருக்கும். ஆகவே புள் நோக்குவார் புதிதாக ஒரு வீட்டைக் காட்டின் விளிம்பில் கட்டுதல் தகாது என்பது எம் துணிபு. முன்னரே மனிதர் வாழும் ஊரில், முன்னரே எழுந்த வீட்டில் குடிபுகுதலே நேரிது.

அங்ஙனமாயின் இப்போதிருக்கும் தோட்டத்தருகே தங்கிவிடலாமே என்பீர். தேயிலை கண்ணுக்குப் பசுமை. ஆயின் பசியதெல்லாம் காடன்று. பத்தொன்பது ஆண்டுகளாக எம் சன்னலில் வருவன சின்னான், வெள்ளைக்கண்ணி, மீண்டும் சின்னான். அவை இனியனவே, ஆயினும் எங்கும் உள்ளன.

எஞ்சியது கோத்தகிரி. சாலிம் அலி வேலையின்றியிருந்த நாளில், ஓய்வுபெற்ற இராணுவ மருத்துவர் கே. எம். அனந்தன் அழைக்க, சில திங்கள் அவ்வூரில் தங்கினார். ஊரையடுத்த லாங்வுட் சோலை ஏறத்தாழ 116 ஹெக்டேர்தான். எனினும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவையினங்களுள் 14 அங்குள்ளன. 2024-இல் அது ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. உலகில் நீலகிரியன்றி வேறெங்குங் காணப்படாத சிரிப்பான் அங்குண்டு. சோலைக்கிளி எனப்படும் சிறுபுள்ளும் உண்டு; அது கிளியன்று, நீலநிறத்துக் குருவி. 2017-இல் அறிஞர்கள் அதற்கெனப் புதிய பேரினம் வகுத்து ‘சோலிகோலா’ எனப் பெயரிட்டனர். சோலையில் உறைவது என்பது பொருள். நம் சோலை என்னுஞ் சொல் அறிவியற் பெயரில் ஏறியது கண்டு தமிழ் வகுப்பு மாணவர் நால்வர் தேநீர் வாங்கிக் கொண்டாடினோம்.

‘கோத்தகிரியில் கரடி உலவுமாமே’ என்றார் எம் அன்னையார். மறுக்கவியலாது, கரடி வரும், காட்டெருமையும் வரும். விடியுமுன் தனியே புறப்படுதல் அங்கு அறிவுடைமையன்று.

சென்ற மே மாதம் எந்தையாரை அச்சோலைக்கு அழைத்துச் சென்றோம். சிரிப்பான்கள் புதருள் இருந்து பெருங்கூச்சலிட்டன. ஒன்றேனும் வெளிவந்து முகங்காட்டவில்லை. யாம் நாணி நின்றோம். அவரோ ஓடைக்கரையில் நின்று, வழியே வந்த முதியவரிடம் ‘இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, ஐயா?’ என்று வினவினார். சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் இச்சோலையினின்றே வருகின்றது என்றார் அம்முதியவர். எந்தையார் நெடுநேரம் மரங்களை அண்ணாந்து நோக்கினார். அவருடைய மூன்று கேள்விகளுள் ஒன்றுக்கும், எம்முடைய ஒரே கேள்விக்கும் விடை ஒரே சோலையில் இருந்தது.

திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தருகே இரண்டு வீடுகளின் வாடகையை அவரே விசாரித்தார். ஒன்று மிகுதி, மற்றொன்றுக்கு மாடிப்படி செங்குத்து. பேச்சு இன்னும் முடியவில்லை.