முதலாளியின் அன்பும் நாலு மணித்தியாலக் கொன்ட்ராக்டும்

கோடை தொடங்கினால் பலெர்மோவில் ஒரு புலம்பலும் கூடவே தொடங்கிவிடும்: ரெஸ்டோரன்ட் வேலைக்கு ஆள் கிடைக்கேல்லை. முந்தி, அரசாங்கம் தந்த 'ரெத்தித்தோ தி சித்தாதினான்சா' உதவிப்பணம்தான் காரணம் என்றார்கள். அது 2023 முடிவோடு நிறுத்தப்பட்டது. புலம்பல் நிற்கவில்லை.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பிடப் போகிறவர்களுக்குத் தெரியாத ஒரு கணக்கு குசினிக்குள் இருக்கிறது. (போர்த்துக்கீசர் விட்டுப்போன எங்கட 'குசினி'யும் இத்தாலியரின் 'குச்சினா'வும் சொந்தக்காரச் சொற்கள்தான்.) கொன்ட்ராக்டில் நாலு மணித்தியாலம், வேலை பத்து மணித்தியாலம், மிச்சம் கையில் காசு. ஊர் அறிந்த பழக்கம் இது; இத்தாலியர் இதற்கு 'லாவோரோ கிரிஜோ', அதாவது சாம்பல் நிற வேலை, என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

கோப்பை கழுவுகிற எங்கட ஆக்களிடம் கேட்டால், "பத்ரோனே தங்கமான மனுசன் அண்ணை, நத்தாருக்குப் பனத்தோனே தந்தவர், ஊருக்குப் போக அட்வான்சும் தந்தவர்" என்பார்கள். பொய்யில்லை.

வேலையாளையும் ஒரு வாடிக்கையாளராக நினைத்து நடத்து என்று 1981இல் அமெரிக்கப் பேராசிரியர் லெனார்ட் பெரி எழுதினார். 'உள்ளகச் சந்தைப்படுத்தல்' என்று இப்போது படிப்பிக்கிறது அதைத்தான். அதே 1981இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கிய சரவணபவன், புத்தகம் படிக்காமலே இதைச் செய்தது: ஊழியருக்குத் தங்குமிடம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்புச் செலவு. முதலாளி ராஜகோபாலை அவர்கள் 'அண்ணாச்சி' என்றே அழைத்தார்கள். கொலை வழக்கில் அவருக்கு ஆயுள் தண்டனை உறுதியானது, 2019இல் இறந்தார். அதனால் அவர் செய்த உதவிகள் பொய்யாகிவிடாது. ஆனால் ஒருவருடைய மனதை நம்பி இருக்கிற உதவியும், கடுதாசியில் எழுதின உரிமையும் ஒன்றில்லை.

இத்தாலியில் அந்தக் கடுதாசி பிள்ளைகள் வரைக்கும் போகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எங்களுக்குப் பத்து வருட வசிப்பு வேண்டும். அதை ஐந்தாக்கக் கேட்ட 2025 ஜூன் வாக்கெடுப்பு, 30 வீதமளவானோரே வாக்களித்ததால் செல்லாமல் போனது. கூடவே கடைசி மூன்று வருட வருமானமும் காட்ட வேண்டும்: தனியாள் என்றால் வருடம் 8,263 யூரோ, வேலையில்லாத துணையும் இருந்தால் 11,362, ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 516. கையில் வாங்கின காசு இதில் ஒரு சதமும் சேராது. ஆறு மாத சீசன், நாலு மணித்தியாலக் கொன்ட்ராக்ட் என்றால் அந்தத் தொகையை எட்டுவது வலு கஷ்டம். அப்பாவோ அம்மாவோ குடியுரிமை எடுத்தால்தான் அவர்களோடு இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அதன் வழியாகக் கிடைக்கும். பென்சனும், சீசன் முடியக் கிடைக்கிற வேலையிழப்புப் பணமும் அதே நாலு மணித்தியாலக் கணக்கில்தான்.

ஆள் நிற்கிறாங்கள் இல்லை என்று கவலைப்படுகிற முதலாளி, பனத்தோனேக்கு முதல் உண்மையான மணித்தியாலத்தை எழுதட்டும்.

லிச்சேயோவில் படிக்கிற பிள்ளைகளுக்கு அப்பாவைவிட இத்தாலியன் நல்லாய் வாசிக்கத் தெரியும். இந்த மாதத்துப் பூஸ்தா பாகாவை வாங்கி, மணித்தியாலம் போட்ட இடத்தைப் பாருங்கோ. ஒரு கொப்பியில் அப்பா வேலைக்குப் போன நேரம், வந்த நேரத்தையும் எழுதி வையுங்கோ. தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.