பழி யாருக்கு?

2023ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இரவு, கொஸ்லந்தைக் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் உலகக் கிண்ணக் கிரிக்கெட். மும்பையில் இந்தியா குவித்த 357 ஓட்டங்களைத் துரத்தப் புகுந்த இலங்கை அணி, 14 ஓட்டங்களுக்குள் ஆறு விக்கெட்டுகளை இழந்து, முடிவில் 55 ஓட்டங்களுக்குள் சுருண்டது. கடையில் இருந்த தோட்டத்து இளைஞர் ஒருவர் சினத்தால் மேசையில் ஓங்கி அடித்தார்.

"எல்லாம் அந்தக் கோச்சால வந்த வினை, சேர்! மொதல்ல அவர வீட்டுக்கு அனுப்பணும்" என்று என்னிடம் முறையிட்டார்.

மூலையில் பிளேன்டீ அருந்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். "தம்பி, பந்து விளையாட்டுல தோத்ததுக்கு ஒருத்தர வீட்டுக்கு அனுப்பச் சொல்ற. நம்ம லயத்து மேல மண்ணு விழுந்தப்ப, யார வீட்டுக்கு அனுப்பச் சொன்ன?"

இளைஞர் வாய் திறக்கவில்லை. மீரியபெத்தயில் மலை சரிந்த ஒன்பதாம் ஆண்டு நினைவு நாள் கழிந்து நான்கு நாட்களே ஆகியிருந்தன.

அவ்விளைஞரின் சினத்தை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. தேயிலைத் தோட்டத்தில் உழைக்க இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரர் முத்தையா முரளிதரன். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவ்வணி தம்முடையது என்று மலையக இளைஞர் எண்ணுவதில் வியப்பென்ன? தம்முடையது என்று எண்ணுபவருக்கே அதன் தோல்வி சுடும். ஆனால் அச்சினம் யாரை நாடிச் செல்கிறது என்பதுதான் ஆராயத் தக்கது.

அன்று பயிற்றுநராக இருந்த கிறிஸ் சில்வர்வூட்டின் பயிற்சியில்தான், 2022 செப்டெம்பரில் இலங்கை பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அன்று நாம் வீரர்களைப் புகழ்ந்தோம். தோற்றபோது அவரை நினைவுகூர்ந்தோம். வெற்றியில் பங்கு தராதவருக்குத் தோல்வி முழுவதையும் கொடுப்பது நீதியாகுமா? மேலும், அணியைத் தெரிவது பயிற்றுநர் மட்டுமல்லர். தெரிவுக் குழு ஒன்று உண்டு; 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும். திருக்குறளில் தெரிந்து வினையாடல் என்றோர் அதிகாரம் இருக்கிறது. தக்கவனை ஆராய்ந்து தேர்க. தேர்ந்தபின் அவ்வினையை அவனிடமே விட்டுவிடுக என்பது அதன் சாரம். நாமோ வினையைப் பலரிடம் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் பழியை மட்டும் ஒருவரிடம் விடுகிறோம்.

அத்தோல்விக்குப் பின் நிகழ்ந்தவற்றைக் காண்க. நவம்பர் 6ஆம் நாள் விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். மறுநாளே நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 10ஆம் நாள் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 27ஆம் நாள் அமைச்சரே பதவி நீக்கப்பட்டார். ஒன்பது ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்ற காரணம் என்னவென்ற கேள்வி இத்தனை அமளியில் எங்கோ ஒதுங்கிப்போயிற்று.

ஆளை மாற்றுவதால் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. 2024 ஜூனில் சில்வர்வூட் விலகிய பின் சனத் ஜயசூரிய பொறுப்பேற்றார்; அவ்வாண்டு ஆகஸ்டிலேயே இந்தியாவுடனான ஒருநாள் தொடரை இலங்கை வென்றது; செப்டெம்பரில் இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை டெஸ்டில் வீழ்த்தியது. ஆயினும் மறு ஆண்டு ஆசியக் கிண்ணத்தின் சூப்பர் நான்கு சுற்றில் ஓர் ஆட்டமேனும் வெல்லவில்லை. புதியவர் வந்ததும் புத்துயிர் வருவதுண்டு. அடிப்படைக் குறைகள் மட்டும் அப்படியே தங்கிவிடுகின்றன.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலும், பருவம் கெட்டால் அணியின் மனேஜரை நீக்கு என்ற கூக்குரல் எழும். அங்கே கொனி மெக் என்பவர் பிலடெல்பியா அணியை 1901 முதல் 1950 வரை நடத்தினார். 1915 தொடங்கி 1921 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அவருடைய அணி கடைசி இடத்தில் கிடந்தது. ஆயினும் அவரை எவரும் நீக்கவில்லை. ஏன்? அவர் அணியின் உரிமையாளருள் ஒருவர்! பின்னர் அவரே 1929இலும் 1930இலும் கிண்ணம் வென்றார் என்பது வேறு கதை.

இதிலிருந்து நான் கொள்ளும் துணிபு இதுதான்: பழி குற்றவாளியைத் தேடிச் செல்வதில்லை, எளிதில் அகற்றக் கூடியவரைத் தேடியே செல்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இது புதிய பாடமன்று. கொழுந்தின் நிறை குறைந்தால் பெரிய துரை சின்னத் துரையைக் கடிவார், சின்னத் துரை கணக்கப்பிள்ளையை, கணக்கப்பிள்ளை கங்காணியை, கங்காணி கொழுந்து பறிக்கும் பெண்ணை. அவளுக்குக் கீழே கடிவதற்கு எவருமில்லை. அவளுடைய பேர் அரைப் பேராகிறது. செடிக்கு உரம் இட்டார்களா, மழை பெய்ததா என்ற வினாக்கள் மேலேயே நின்றுவிடுகின்றன.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோதும் இதுவே நடந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்ற பேச்சே முதலில் எழுந்தது. போவதற்கு அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமேனும் இருந்ததா? மாற்றிடம் தரும் கடமை யாருடையது? இறந்தவரைக் குறை கூறுவது எளிது. அவர்கள் மறுமொழி சொல்ல மாட்டார்கள். எஞ்சியவர்க்கு 2016இல் புதிய வீடுகள் கிடைத்தன என்பது உண்மை. 2025 நவம்பரில் தித்வாப் புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தன என்பதும் உண்மையே.

ஆகவே, யாரை அனுப்பலாம் என்று கேட்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவோம். அதிகாரம் யாரிடம் இருந்தது? முன்னறிவு யாருக்கு இருந்தது? செய்யத் தவறியது எது? கிரிக்கெட் தோல்விக்கும் மலைச் சரிவுக்கும் இவை ஒருங்கே பொருந்தும். வகுப்பறையில் ஆசிரியர்கள் இவற்றை மாணவர்க்குப் பயிற்றுவாராயின், அது ஒரு நல்ல உரைநடைப் பயிற்சியாகவும் அமையும். நல்ல குடிமைப் பயிற்சியாகவும் அமையும்.

அந்த இளைஞரின் சினம் வீணாகக் கூடாது என்பதே என் விருப்பம். பதினொருவர் ஆடிய ஆட்டத்துக்காக மேசையில் அடித்த அந்தக் கை, தம் ஊர் மலைக்காக ஒரு மனுவேனும் எழுதட்டும். முதியவரின் கேள்வி அந்தத் தேநீர்க் கடையில் இன்னும் மறுமொழியின்றி நிற்கிறது.