72 மணி நேரம்

விறகு இல்லாமல் உலை கொதிக்காது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, கோமா நகரைச் சுற்றியிருந்த இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து பெண்கள் விறகு பொறுக்கக் காட்டோரம் போனார்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் அங்கே இருப்பது தெரிந்தே போனார்கள். பலர் வல்லுறவுக்கு ஆளாகித் திரும்பினார்கள். மறுபடியும் விறகுக்குப் போனார்கள்.

போர் என்றால் இப்படித்தான் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இது திட்டமிட்ட போர்முறை. ஊரார் கண்முன்னே பெண்களைச் சிதைத்தால் ஊரே காலியாகும். கோல்டான் தாதுவும் வெள்ளீயமும் தங்கமும் கிடைக்கும் மண் ஆயுதக் குழுவின் கைக்கு வரும். தோட்டாச் செலவுகூட இல்லை. பாதிக்கப்பட்டவளைப் பல நேரம் கணவன் வீட்டில் சேர்ப்பதில்லை, பிறக்கும் குழந்தையைப் பல நேரம் உறவு ஏற்பதில்லை. ஆயுதம் ஏந்தியவன் போன பிறகும் அவன் தொடங்கிய அழிவு நிற்பதில்லை.

புகாவு நகரில் மருத்துவர் டெனிஸ் முக்வேகே 1999-ல் பான்ஸி மருத்துவமனையைப் பிரசவம் பார்ப்பதற்காகவே தொடங்கினார். அங்கே முதலில் வந்தவர் பிரசவத்துக்கு வரவில்லை. வல்லுறவுக்குப் பின் சுடப்பட்ட பெண் அவர். அதன் பிறகு பல்லாயிரம் பெண்கள் வந்துவிட்டார்கள். 2018-ல் முக்வேகேவுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. வரிசை குறையவில்லை.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வல்லுறவு இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1998-லேயே தீர்ப்பளித்தது. போர்க்காலப் பாலியல் வன்முறைக்கு எதிராக ஐ.நா. பாதுகாப்புச் சபை 2008-ல் 1820-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆனால் 2012-ல் கிழக்குக் காங்கோவின் மினோவாவில் பின்வாங்கிய அரசுப் படையினர் நடத்திய வல்லுறவுகளின் வழக்கு என்ன ஆயிற்று? 39 பேர் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். வல்லுறவுக்காகத் தண்டனை பெற்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒட்டுமொத்தப் பொறுப்பில் இருந்த தளபதிகள் மீது வழக்கே இல்லை. சிப்பாயைப் பிடித்துத் தளபதியை விடும் நீதி, அடுத்த தாக்குதலுக்குத் தரும் அனுமதி.

இப்போது ஆபத்து கூடியிருக்கிறது. 2025 ஜனவரியில் கோமாவும் பிப்ரவரியில் புகாவுவும் எம்23 கிளர்ச்சிப் படையிடம் வீழ்ந்தன. அதே மாதங்களில், மருந்து வாங்கித் தந்த வெளிநாட்டு நிதியுதவியும் வெட்டப்பட்டது. வல்லுறவுக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தால் அந்த மருந்து உதவாது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் கெடு உண்டு. அது 5 நாள்.

பொறுப்பாளிகள் தெளிவாகவே இருக்கிறார்கள். தன் படையினரின் செயலுக்குத் தளபதி பதில் சொல்ல வேண்டும், அவர் எந்தத் தரப்பினராயினும். கிளர்ச்சியாளருக்கு ஆளும் ஆயுதமும் தருவோர் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கேட்காமல் தாது வாங்குவோர் பதில் சொல்ல வேண்டும். நிதியை நிறுத்திய அரசுகள் மருந்துக்கான பங்கையாவது இன்றே திரும்பத் தர வேண்டும். விமான நிலையங்களையும் சாலைகளையும் பிடித்து வைத்திருப்போர் மருந்து வண்டிக்கு வழிவிட வேண்டும்.

சுகாதார நிலையத்துக்கு இரண்டு நாள் நடந்து வர வேண்டிய ஊர்கள் அங்கே இருக்கின்றன. அப்படி வந்து சேரும் பெண்ணுக்கு மிஞ்சியிருப்பது ஒரு நாள். அவள் வரும்போது அலமாரியில் மருந்து இருக்க வேண்டும்.